ஏய்ம்ஸ்ட் வரை வந்தவர்கள் பூஜாங் பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டுப் போங்கள்

பிள்ளைகளைச் சேர்ப்பதற்கும், பட்டமளிப்பு விழாவுக்கும், இடையில் ஒருமுறை மெத்தையும் சோற்றுப்பானையும் கொண்டுவந்து கொடுப்பதற்கும் நாடு முழுவதிலுமிருந்து தமிழ்க் குடும்பங்கள் கெடாவுக்கு வருகின்றன. பீடோங் – செமிலிங் சாலையில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திற்கு வந்து, படம் எடுத்து, சுங்கை பட்டாணியில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நெடுஞ்சாலை ஏறிவிடுவார்கள். அதே சாலையில் இன்னும் இருபது நிமிடம் ஓட்டினால் மெர்போக். அங்கேதான் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகம் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் நாம் படித்த கடாரம் என்பது இந்த வட்டாரந்தான்.

பீடோங் பக்கம் வளர்ந்தவள் என்பதால் வெளியூர் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "அங்கே பார்க்க என்னம்மா இருக்கு? வெறும் கல்லுதானே?" வெறும் கல்தான். ஆனால் எந்தக் கல்லை, எந்த வரிசையில், என்ன தெரிந்துகொண்டு பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாற்பது நிமிடத்தில் பேருந்திலிருந்து இறங்கி, சண்டியின் முன் நின்று படம் பிடித்து, "இது ராஜேந்திர சோழன் கட்டியது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகும் குழுக்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது தவறான தகவல். சரியான செய்தி அதைவிடச் சுவையானது.

எப்படி வருவது, எந்த நாளில் வருவது

சொந்த வாகனத்தில் வருபவர்கள் வடக்கு – தெற்கு நெடுஞ்சாலையில் சுங்கை பட்டாணி (வடக்கு) டோல் சாவடியில் வெளியேறி பீடோங், செமிலிங் வழியாக மெர்போக் வரலாம். கைப்பேசி வரைபடத்தில் 'முசியம் ஆர்க்கியோலோஜி லெம்பா பூஜாங்' என்று தேடுங்கள். வெறுமனே 'லெம்பா பூஜாங்' என்று போட்டால் ஏதாவது ஒரு கம்பத்துச் சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிடக்கூடும். மெர்போக் பட்டணத்திலிருந்து மலையடிவாரம் நோக்கி ஏறும் கிளைச் சாலையில் அரும்பொருளகம் இருக்கிறது.

ரயிலில் வருபவர்களுக்கு சுங்கை பட்டாணி நிலையம் வசதி. கோலாலம்பூரிலிருந்து வரும் இடிஎஸ் ரயிலும், பட்டர்வொர்த் – பாடாங் பெசார் கொமூட்டர் ரயிலும் அங்கே நிற்கின்றன. நிலையத்திலிருந்து மெர்போக் செல்ல மின்னழைப்பு வாகனம் எளிதில் கிடைக்கும். திரும்பி வருவதுதான் பாடு. மலையடிவாரத்தில் நின்றுகொண்டு வண்டி தேடினால் நேரம் வீணாகும். கொண்டுவந்து விடும் ஓட்டுநரிடமே திரும்புவதற்கும் விலை பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கிலிருந்து வருபவர்கள் மறந்துவிடும் ஒன்று: கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலை நாள். காலையில் செமிலிங் சாலையில் பள்ளி வாகன நெரிசலும் இருக்கும். அதே சமயம், கூட்டமில்லாமல் சண்டிகளைப் பார்க்க ஞாயிறுதான் நல்ல நாள். வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தால் நண்பகல் தொழுகை நேரத்தில் அரும்பொருளகக் கதவு மூடியிருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பெருநாள் காலங்களில் புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

மழையைப் பொறுத்தவரை ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. செப்டம்பர், அக்டோபரில் பிற்பகல் என்றாலே குடை வேண்டும். எந்த மாதமானாலும் காலை 9 மணியளவில் வந்து சேர்ந்துவிடுங்கள்.

அரும்பொருளகத்தில் எதைப் பார்ப்பது

முதலில் காட்சிக்கூடம், பிறகு சண்டிகள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். வெயிலில் படியேறிக் களைத்து வந்து, கண்ணாடிப் பெட்டிகளை ஓட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே இருக்கும் பொருள்கள்தாம் வெளியே இருக்கும் கல்லுக்குப் பொருள் சொல்கின்றன.

கூடத்தில் பாசிமணிகளைத் தவறவிடாதீர்கள். பார்க்கச் சிறியவை. கோத்தா கோல மூடா பக்கமுள்ள சுங்கை மாஸ் கம்பத்தில் மணிகள் செய்யப்பட்டதற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. சீனப் பீங்கான் துண்டுகளையும் மேற்காசியக் கண்ணாடிச் சில்லுகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே ஆற்று முகத்துவாரத்தில் இத்தனை நாட்டுச் சரக்கும் இறங்கியிருக்கிறது. பருவக்காற்று மாறும்வரை கப்பல்கள் காத்திருக்க வேண்டியிருந்த காலம் அது. காத்திருந்தவர்கள் கும்பிடவும் இடம் தேவைப்பட்டது. இந்துக் கோயில் அடித்தளங்களும் பௌத்தக் கட்டடங்களும் இங்கே அருகருகே கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து 'பெரிப்பி' எனப்படும் கல் பேழைகள். உள்ளே குழிகள் வெட்டப்பட்ட சிறிய கற்பெட்டிகள். கோயில் கட்டும்போது அந்தக் குழிகளில் பொன், வெள்ளி, மணிக்கற்கள் போன்றவற்றை வைத்து அடித்தளத்தில் புதைத்திருக்கிறார்கள். நம் கோயில்களில் மூலவர் பீடத்திற்கு அடியில் நவரத்தினமும் யந்திரத் தகடும் வைப்பதைக் கும்பாபிஷேகத்தின்போது பார்த்திருப்பீர்கள். உங்களுடன் வரும் பெரியவர்களை இந்தப் பேழையின் முன் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். விளக்கப் பலகையில் இல்லாததை அவர்கள் சொல்வார்கள். பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் பிள்ளைகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலை நம்முடையதுதான்.

வெளியே நான்கு சண்டிகள். இவற்றில் புக்கிட் பத்து பாஹாட் சண்டி மட்டுமே தான் இருந்த இடத்திலேயே நிற்கிறது. பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் ஆகிய மற்ற மூன்றும் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு இங்கே மீண்டும் அடுக்கப்பட்டவை. பெயர்களைக் கவனியுங்கள். 'பெங்காலான்' என்றால் படகுத்துறை, 'பெண்டாங்' என்றால் வயல். 'பாஹாட்' என்பது உளி. ஊர்ப் பெயரே அந்தச் சண்டி எங்கே கிடந்தது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

புக்கிட் பத்து பாஹாட் சண்டிக்குப் படியேற வேண்டும். பக்கத்தில் ஓடை சலசலக்கும். 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி டோரத்தியும் இந்தப் பள்ளத்தாக்கில் அகழாய்வு செய்து, கண்ட இடங்களுக்கு எண் கொடுத்தார்கள். இந்தச் சண்டி எண் 8. சிதைந்து கிடந்த அடித்தளத்தை 1959 – 1960-இல் அலஸ்டேர் லாம்ப் தலைமையில் மீண்டும் கட்டியமைத்தார்கள். மேலே ஏறியதும் முதலில் தரையைப் பாருங்கள். சதுரமான கருவறைப் பகுதியும் அதற்கு முன்னே மண்டபப் பகுதியும் தெளிவாகப் பிரிந்து தெரியும். சுற்றிலும் குழியுள்ள தூண்தாங்கிக் கற்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் மரத்தூண்கள் நின்றிருக்க வேண்டும். கூரையும் மரமும் மழையில் போய்விட்டன, கல் மட்டும் மிஞ்சியது. "கோபுரம் எங்கே?" என்று தேடுபவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். தஞ்சாவூரைப் போன்ற கற்கோபுரம் இங்கே இருந்ததே இல்லை. அமைப்பு இந்திய மரபு, கட்டிய முறை இந்த மண்ணுக்கு உரியது.

முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே ஏற வேண்டியதில்லை. கூடத்தையும் எளிதில் எட்டும் சண்டிகளையும் பார்த்தாலே போதும். ஏறுபவர்கள் நல்ல பிடிப்புள்ள காலணி அணியுங்கள். மழைக்குப் பிறகு கல் வழுக்கும். கொசு மருந்தும் கையோடு இருக்கட்டும்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். சண்டியின்மேல் கற்பூரம் ஏற்றுவது, குங்குமம் பூசுவது, எலுமிச்சை வைப்பது வேண்டாம். பக்தி புரிகிறது. ஆனால் எண்ணெயும் நெருப்பும் பழங்கல்லுக்குப் பகை. கும்பிட வேண்டும் என்று தோன்றினால் கைகூப்பிவிட்டு வாருங்கள். பூசைக்கு சுங்கை பட்டாணி ஸ்ரீ சுப்பிரமணிய தேவஸ்தானம் இருக்கிறது.

ராஜேந்திரன் கட்டினானா?

இல்லை. 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கி வென்றது. அந்தப் படையெடுப்பில் வென்ற ஊர்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் அதனால் வந்தது. வென்றான் என்றால், வெல்வதற்கு அங்கே ஏற்கெனவே ஒரு செல்வ நாடு இருந்தது என்று பொருள். சோழர் படை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தத் துறைமுகம் நடந்துகொண்டிருந்தது. 7-ஆம் நூற்றாண்டில் இந்தியா செல்லும் வழியில் சீனத் துறவி இ-சிங் கெடாவில் தங்கிப் போயிருக்கிறார். பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும் இடத்தில் 'காழகம்' என்று ஓர் ஊர் வருகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதற்குக் கடாரம் என்று உரை எழுதினார். பல்கலைக்கழகத்தில் அந்த உரையைப் படித்தபோதுதான், நான் மிதிவண்டி ஓட்டிய ஊர் சங்க இலக்கியத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

போருக்கு முன் இரு நாடுகளும் நட்பாக இருந்தன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் காலத்தில், கடாரத்து அரசர் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் தம் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார். சைவனான ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடு என்று அழைக்கப்படும் ஆவணத்தில் இது இருக்கிறது. இங்கிருந்து போன பணத்தில் அங்கே ஒரு பள்ளி, அங்கிருந்து வந்த கட்டடக் கலையில் இங்கே ஒரு கோயில். 'நாம் வந்து வென்றோம்' என்ற ஒற்றை வரியைவிட இது எனக்குப் பெருமையாகப் படுகிறது.

சுங்கை பத்து

செமிலிங்கிலிருந்து மெர்போக் போகும் சாலையிலேயே சுங்கை பத்து அகழாய்வுத் தளம் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு 2009 முதல் இங்கே தோண்டியது. செம்பனை மரங்களுக்கு அடியில் செங்கல் கட்டடங்கள், படகுத்துறை அமைப்புகள், இரும்பு உருக்கிய இடங்கள் வெளிவந்தன. உலைக்குக் காற்று ஊதப் பயன்பட்ட சுடுமண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. எனக்கு இந்த இடத்தில் மிகவும் பிடித்தது அந்தக் குழாய்கள்தான். கோயில் கட்டிய அரசனின் பெயர் தெரியவில்லை, ஆனால் உலையில் நின்று வேர்த்த தொழிலாளியின் கைப்பொருள் நம் முன்னால் கிடக்கிறது.

இந்தத் தளம் கிறிஸ்துவுக்கு முன் 5, 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆய்வுக் குழு அறிவித்தது. அவ்வளவு பழைமையை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆகவே வாட்சாப்பில் சுற்றும் 'உலகின் மிகப் பழைய நாகரிகம்' போன்ற செய்திகளை அப்படியே நம்பிப் பகிர வேண்டாம். இரும்பு உருக்கும் பெரிய தொழில் இங்கே நடந்தது என்பதில் ஐயமில்லை. அதுவே பெரிய செய்தி.

இங்கே நிழல் குறைவு, குடையும் தண்ணீரும் அவசியம். செங்கற்கள் மென்மையானவை. போட்டிருக்கும் பாதையை விட்டு இறங்கி அவற்றின்மேல் நடக்காதீர்கள், பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள்.

தோட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சாலையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வேல்ஸ் எண் கொடுத்த இடங்களில் பல, சுங்கை பத்து தோட்டம் உட்பட, தோட்ட நிலங்களில் இருந்தவை. இந்த வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் நம்மவர்களும் உண்டு. ஆயிரம் ஆண்டுக் கட்டடத்தின்மேல் நிரை பிடித்து நடந்தவர்கள் அவர்கள்.

அப்படிப்பட்ட இடங்களில் ஒன்றுதான் 11-ஆம் எண் சண்டி. அதை இன்று பார்க்க முடியாது. வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது அது இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்தது. நிலம் தனியாருக்குச் சொந்தமானது, அந்த இடம் மரபுடைமையாக அரசிதழில் பதிவாகவில்லை என்ற விளக்கங்கள் வந்தன. நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. அதற்கு முன் அந்த இடத்தைத் தேடிப் போனவர்கள் எத்தனை பேர்? ஒரு சண்டிக்கு ஆள் வந்து போகிறது என்றால் அங்கே பெயர்ப்பலகை வரும், வேலி வரும், கேட்க ஆள் இருக்கும். யாரும் வராத மேட்டை மண்வாரி இயந்திரம் மேடாகத்தான் பார்க்கும். சுற்றுலாக் கட்டுரையில் இதை எழுதக் காரணம் அதுதான்.

யான் வட்டாரத்தில் புக்கிட் சோராஸ் என்ற இடத்தில் 2023-இல் நடந்த அகழாய்வில் ஆளுயரச் சுதைச் சிலைகள் கிடைத்துச் செய்தியானது நினைவிருக்கலாம். அது ஆய்வுத் தளம். பொதுமக்கள் பார்வைக்கு உண்டா என்று கேட்டறியாமல் நேரே கிளம்பிவிடாதீர்கள்.

மதியத்திற்கு மேல்

சண்டிகளுக்கே அரை நாள் போய்விடும். பிள்ளைகள் பொறுமை இழந்திருப்பார்கள். மெர்போக் பக்கமே துப்பா நீர்வீழ்ச்சி இருக்கிறது. குளிக்கலாம். ஆனால் ஜெராய் மலையில் மழை இருண்டிருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். கீழே வெயில் அடிக்கும்போதே மேலேயிருந்து நீர் பெருகி வரும்.

குனோங் ஜெராய் 1,217 மீட்டர். பழங்காலத்தில் கடலில் வந்த மாலுமிகளுக்கு இந்த மலைதான் அடையாளம். உச்சிக்குச் செல்லும் சாலை குருண் பக்கம் தொடங்குகிறது. சொந்த வாகனத்தில் ஏறலாமா, வேனில்தான் போக வேண்டுமா என்பதை அடிவாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் ஏறினால் வயல்வெளியும் கடலும் தெரியும். பிற்பகலில் பெரும்பாலும் மேகந்தான் தெரியும். ஆகவே சண்டிகளோடு ஒரே நாளில் இதைச் சேர்க்காதீர்கள், இரண்டாம் நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் மதியத்திற்கு மேல் கடலோரம் போகச் சொல்வேன். தஞ்சோங் டாவாய் மீனவர் பட்டணம். நெத்திலி, கருவாடு, காய்ந்த இறால் வரிசையாகக் கடை போட்டிருக்கும். முதல் கடையிலேயே வாங்கிவிடாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு விலை கேளுங்கள். கடைக்கார மாக்சிக்கிடம் மலாயில் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசினால் ஒரு பிடி நெத்திலி கூடவே விழும். துறையிலிருந்து எதிர்க்கரையான பந்தாய் மெர்டேக்காவுக்குப் பயணிகள் படகு போகிறது. சாலை வழி போனால் ஆற்றைச் சுற்றிக்கொண்டு நெடுந்தூரம். படகில் சில நிமிடம். பாக்சிக் படகை எடுக்கும்போது திரும்பி ஜெராயைப் பாருங்கள். மெர்போக் ஆற்றுக்குள் நுழைந்த பழைய கப்பல்காரர்கள் பார்த்த காட்சி ஏறக்குறைய இதுதான்.

எதிர்க்கரைப் பக்கம் கோத்தா கோல மூடாவில் 'பாசார் பீசிக்' என்ற மீன் ஏலம் நடக்கும். 'பீசிக்' என்றால் கிசுகிசுப்பது. வாங்குபவர் தம் விலையை ஏலக்காரர் காதில் மெல்லச் சொல்வார். அடுத்தவர் என்ன கேட்டார் என்று யாருக்கும் தெரியாது. படகுகள் கரைசேரும் நேரத்தைப் பொறுத்து ஏலம் நடப்பதால் அன்றைக்கு எத்தனை மணிக்கு என்று உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள். நின்று வேடிக்கை பார்க்கலாம், குறுக்கே நிற்காமல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தக் கம்பங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. உடைந்த படகுகளை அடுக்கிய நினைவுச்சின்னமும் காட்சிக்கூடமும் அங்கே இருக்கின்றன.

சாப்பாட்டு விஷயத்தில் மரக்கறி உண்பவர்கள் கவனம். மெர்போக், தஞ்சோங் டாவாய் பக்கம் மீன் கலக்காத உணவு கிடைப்பது கடினம். பீடோங்கிலோ சுங்கை பட்டாணியிலோ பசியாறிவிட்டு, மதியத்திற்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வாருங்கள்.

தெற்கே திரும்பும் வழியில்

பினாங்கு, பேராக் நோக்கித் திரும்புபவர்கள் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு நிறுத்தம் வைத்துக்கொள்ளலாம். புனித அன்னாள் தேவாலயம் நம்மவர்கள் பலருக்கும் தெரியும். ஜூலை மாதத் திருவிழாவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் பேருந்து பேருந்தாக வருவார்கள். அந்த வளாகத்தில் செரோக் தொக்குன் கல்வெட்டு இருப்பதைக் கவனித்தவர்கள் குறைவு. பெரிய பாறையில் பல்லவ எழுத்தில் வெட்டிய சமஸ்கிருத வரிகள். ஜேம்ஸ் லோ என்ற ஆங்கில அதிகாரி 1845-இல் இதைக் குறித்து வைத்தார். இதே லோ 1834-இல் செபராங் பிறையில் கண்டெடுத்த இன்னொரு கல், புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனின் வேண்டுதலைத் தாங்கியது. அது இப்போது கொல்கத்தா அரும்பொருளகத்தில் இருக்கிறது. செரோக் தொக்குன் கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எழுத்துகள் தேய்ந்துவிட்டன. உச்சி வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் 5 மணிக்கு மேல், வெயில் சாய்ந்து விழும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தாலும் வரிகள் எழுந்து தெரியும். கல்லைத் தொட வேண்டாம். பூசை நேரமாக இருந்தால் தேவாலயத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.